இரைச்சலின் சாட்சியம்

அலமாரியில் இருபது, முப்பது ஆண்டுகள் கிடந்த கேசட்டை எடுத்து ஓடவிட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தே தீரும். அப்பா பாடியது இந்தச் சுருதியிலா? குரல் சற்று மெலிந்து, சிறுவயதுக்காரர் பாடுவதுபோல் இருக்கிறது. சில கேசட்டுகளில் நேர்மாறாக, பாட்டு தூக்கக் கலக்கத்தில் இழுக்கிறது. அதே கேசட்டைப் பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரில் போட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது. இதில் எது பாடியவரின் உண்மையான குரல்? அவரே இல்லாதபோது யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்து, சொந்தமாகக் கேசட் போட்டு விற்ற இசைக் கலைஞர்களை இந்தக் கேள்வி இன்று அதிகமாகவே தொந்தரவு செய்கிறது. இருபத்தைந்து வயதில் படுக்கையறையில் பதிந்ததை ஐம்பத்தைந்து வயதில் மறுவெளியீடு செய்ய நினைக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. இருக்கும் நாடாவைத் துடைத்துச் சுத்தமாக்கலாம், அது சீரமைப்பு. குரலும் கருவிகளும் தனித்தனித் தடங்களாக இருந்தால் அவற்றின் அளவுகளை மாற்றி மறுபடி சேர்க்கலாம். அதை மறுகலவை என்போம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதிதாகப் பாடலாம், அது மறுபதிவு. எதைச் செய்வது என்பதை ரசனையும் பணமும் தீர்மானிக்கட்டும் என்று பொதுவாக விட்டுவிடுகிறார்கள். ரசனைக்கு முன்னால் இயற்பியலுக்கு இதில் ஒரு சொல் உண்டு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வீட்டுப் பதிவில் இயந்திரம் செய்தது, இடம் செய்தது, மனிதர் செய்தது என மூன்று படிந்திருக்கின்றன. முதலாவதைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துத் திருத்த முடியும். இரண்டாவதை அரைகுறையாகத்தான் பிரிக்க முடியும். மூன்றாவதைத் திரும்பச் செய்யவே முடியாது.

இதைப் பார்க்க ஓர் ஊர் வேண்டும். சென்னையிலிருந்து ரயிலேறி வங்காளம் போகிறவர்கள் அறிந்த சாந்த்ராகாச்சியை எடுத்துக்கொள்வோம். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்தில் உள்ள சந்திப்பு அது. சென்னை சென்ட்ரலிலிருந்து அங்கேயே போய் நிற்கும் வண்டியும் உண்டு. நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் நீர்ப்பறவைகள் வந்து இறங்கும். அவற்றில் பெரும்பான்மை சீழ்க்கைச் சிறகிகள். பெயருக்கேற்றபடி அவை சீட்டியடிப்பதுபோலக் கத்தும். ரயில், பறவை, மின்விசிறி, அந்தி வேளைச் சங்கொலி: இத்தனைக்கும் நடுவில் ஒரு வீட்டில் யாராவது ஆர்மோனியத்தோடு பாடிப் பதிந்தால், அந்த நாடாவில் என்னென்ன ஏறும்?

நாடா எதைப் பிடித்து வைக்கிறது

காந்தத் துகள் பூசிய மெல்லிய நாடா ஒரு சிறு மின்காந்தத்தின் முன்னால் ஒரே சீரான வேகத்தில் நகர்கிறது. அந்த மின்காந்தத்தைத்தான் 'ஹெட்' என்கிறோம். ஒலி அலை மின்சாரமாகி ஹெட்டுக்கு வரும்போது நாடாவின் துகள்கள் அதற்கேற்பக் காந்தமாகின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட்டில் நாடாவின் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். நொடிக்குப் பத்தாயிரம் முறை அதிரும் கீச்சொலி ஒன்று அதில் பதிவானால், அந்த ஒரு நொடியின் பத்தாயிரம் அலைகளும் ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதாவது ஓர் அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. பாக்டீரியாவின் அளவுக்கு நெருங்கிய நுட்பம் அது.

இவ்வளவு நுட்பமான இடத்தில் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும். பதிந்த கருவியின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்து, இன்று ஓட்டும் கருவியின் ஹெட் நேராக இருந்தால், நாடாவின் மேல் விளிம்பில் இருக்கும் அலையும் கீழ் விளிம்பில் இருக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு சாய்வே போதும், கீச்சொலிகள் பெரும்பாலும் மறைந்துவிடும். கேசட் 'மந்தமாகிவிட்டது', 'வயதாகிவிட்டது' என்று நாம் நினைப்பதில் பாதி இதனால்தான். நாடாவில் ஒலி அப்படியே இருக்கிறது. படிக்கும் கோணம்தான் தப்பு. ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகை அந்தக் கேசட்டுக்கேற்பத் திருப்பினால் காணாமல்போன 'ஸ்' ஓசைகள் திரும்பி வரும். எந்தக் கணினியாலும் இதை முழுதாக ஈடு செய்ய முடியாது. ஆகவே முதல் வேலை நல்ல மென்பொருளைத் தேடுவது அல்ல, நாடாவைச் சரியாக வாசிப்பது. இந்த ஒன்றைப் பல மறுவெளியீடுகள் தவற விடுவது வருத்தமான செய்தி.

அடுத்தது வேகம். பதிந்த அன்று கருவியின் பெல்ட் தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருந்தால், பாட்டு குறைந்த நீளத்துக்குள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். சரியான வேகத்தில் ஓடும் கருவியில் இன்று அதைப் போட்டால் அந்த நெருக்கம் வேகமாகவும் உயர்ந்த சுருதியாகவும் ஒலிக்கும். அன்று மெதுவாக ஓடியது இன்று வேகமாகக் கேட்கிறது. அப்பாவின் குரல் இளமையாகத் தோன்றியதற்குக் காரணம் இதுதான். எவ்வளவு வேகம் என்பதைக் கண்டுபிடிக்க நாடாவுக்குள்ளேயே ஓர் அளவுகோல் வேண்டும்.

மின்சாரம் விட்டுச் சென்ற கைரேகை

அந்த அளவுகோல் பெரும்பாலான வீட்டுப் பதிவுகளில் உண்டு. பாட்டு தொடங்குமுன் வரும் அமைதியில் காதை வைத்துக் கேட்டால் 'ம்ம்ம்' என்று அடிநாதமாக ஓர் ஓசை ஓடும். வீட்டு மின்சாரம் கருவிக்குள்ளும் மைக்கின் கம்பிக்குள்ளும் கசிவதால் வருவது அது. அதை மின்முனகல் என்று அழைப்போம். நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் பாய்கிறது. எனவே முனகலும் நொடிக்கு 50 அதிர்வு கொண்டது. அதிர்வுகளின் இந்த எண்ணிக்கையே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். 50-ன் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸிலும் மெல்லிய கோடுகள் தெரியும்.

அமெரிக்காவில் இது 60. வங்காளத்து பாவுல் பாடகர்களான பூர்ணதாஸும் அவர் குழுவினரும் 1967-ல் நியூயார்க் மாநிலத்தில், 'பிக் பிங்க்' என்ற வீட்டின் நிலவறையில் பாடியதை 'தி பேண்ட்' குழுவின் கார்த் ஹட்சன் பதிவு செய்தார். பிற்காலத்தில் இசைத்தட்டாகவும் வந்த வீட்டுப் பதிவு அது. வங்காளப் பாட்டேயானாலும் அங்கே கம்பியில் கசிவது 60 ஹெர்ட்ஸ்தான். எங்கே பதிந்தார்கள் என்பதைப் பாடகரைவிட மின்சாரம் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஜான் லென்னன் 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்துக் கேசட்டில் பதிந்த 'நவ் அண்ட் தென்' பாட்டை மற்ற மூன்று பீட்டில்ஸும் 1995-ல் முடிக்க முயன்று கைவிட்டார்கள். கைவிட்டதற்கான காரணங்களில் ஒன்று இந்த முனகல். ஒலிப்பொறியாளர்கள் முதலில் அழிக்க விரும்புவது இதைத்தான். அழிப்பதற்கு முன் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அடுத்துவரும் கணக்கு காட்டும்.

ஒரு கேசட், இரண்டு சாட்சிகள்

சாந்த்ராகாச்சி ஏரிக்கரை வீடு ஒன்றை மனத்தில் வரைந்துகொள்வோம். 1994-ம் ஆண்டு குளிர்காலம், இரவு பதினொரு மணிக்கு மேல். இளைஞர் ஒருவர் ஆர்மோனியம் வாசித்துப் பாடுகிறார், நண்பர் கித்தார். நடுவில் ஒரு டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த பெட்டி, பதிவு செய்துகொண்டிருக்கிறது. இந்த வீடும் கேசட்டும் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. எண்கள் நடைமுறையில் வரக்கூடியவை. அந்தப் பாடகர் இன்று அதை மறுவெளியீடு செய்ய விரும்புகிறார். பழைய குரலை வைத்துக்கொண்டு, புதிதாக ஆர்மோனியமும் கித்தாரும் சேர்க்க எண்ணம்.

வேகம் சரிபார்க்கப்பட்ட கருவியில் கேசட்டை ஓட்டி, கணினித் திரையில் அதிர்வெண்களைப் பார்க்கிறோம். முனகல் 50-ல் இல்லை, 51.5-ல் இருக்கிறது. 50 இருக்க வேண்டிய இடத்தில் 51.5 என்றால் நாடா 3 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. நான்கு நிமிடமாகக் கேட்கும் பாட்டு உண்மையில் நான்கு நிமிடம் ஏழு நொடி. சுருதியில், அடுத்தடுத்த இரண்டு ஆர்மோனியக் கட்டைகளுக்கு இடையே ஏறக்குறைய 6 விழுக்காடு வித்தியாசம். ஆகவே பாட்டு அரைக் கட்டை ஏறி ஒலிக்கிறது. 3 விழுக்காடு குறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

அந்த வீட்டில் அதே ஆர்மோனியம் இன்னும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைத்துருத்தி ஆர்மோனியத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் துவாரகாநாத் கோஷ் கடை வைத்திருந்தது கல்கத்தாவில்தான். வங்காள வீடுகளில் தலைமுறை தாண்டியும் ஆர்மோனியம் இருப்பது வியப்பில்லை. ஆர்மோனியத்தின் சுருதி பித்தளை நாக்கின் நீளத்திலும் தடிமனிலும் இருக்கிறது. கித்தார் கம்பிபோல அது தினம் தினம் இறங்காது. பத்துப் பதினைந்து டிகிரி வெப்ப வேறுபாடுகூட ஒரு விழுக்காட்டின் சிறு பங்கு அளவுக்கே அதை மாற்றும். இன்று, அதேபோன்ற ஒரு குளிர் இரவில், பாடகர் ஸட்ஜமாக வைத்துக்கொண்ட கட்டையை அழுத்தி அளந்தால் 277 ஹெர்ட்ஸ் வருகிறது. நாடாவில் அதே கட்டை 283 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 277 எங்கே, 283 எங்கே? வித்தியாசம் 2.2 விழுக்காடு. முனகல் 3 என்கிறது, ஆர்மோனியம் 2.2 என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுகின்றன.

முனகல் சொன்னதை நம்பி வேகத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். நாடாவின் ஆர்மோனியம் 275 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். அதன்மேல் இன்று அதே பெட்டியில் புதிதாக வாசித்துச் சேர்ப்பது 277. நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை முறை நொடிக்கு ஒலி ஏறி இறங்கும். இதை விம்மல் என்கிறோம். இங்கே நொடிக்கு இரண்டு விம்மலுக்கு மேல். சங்கீதம் தெரியாதவருக்கும் ஏதோ சேரவில்லை என்று பட்டுவிடும். பழைய குரலோடு புதிய வாத்தியம் ஒட்டாமல் நிற்கும் மறுகலவைகள் பலவற்றில் குற்றம் இப்படி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேகப் பிசகில் இருக்கலாம். புதிதாக வாசித்தவர் மீது பழி விழும்.

ஆர்மோனியத்தை நம்புகிறோம் என்றால் முனகல் ஏன் தவறியது? கணக்கைத் திருப்பிப் போடுவோம். நாடா 2.2 விழுக்காடுதான் வேகம் என்றால், 51.5 ஆகக் கேட்கும் முனகல் அந்த இரவில் உண்மையில் 50.4 ஆக இருந்திருக்க வேண்டும். அதாவது அந்த நேரத்தில் ஊரின் மின்சாரமே 50-ல் ஓடவில்லை.

50 எப்போதும் 50 அல்ல

மின்நிலையத்தில் சுழலும் ராட்சத உருளைகள் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுற்றுவதால் வருவதுதான் இந்த எண். தேவை கூடி உற்பத்தி போதாவிட்டால் உருளைகள் தளரும், அதிர்வெண் இறங்கும். நள்ளிரவில் தேவை குறைந்து உற்பத்தி குறையாமல் இருந்தால் ஏறும். 1990-களில் இந்தியாவின் மின்கட்டமைப்பு வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருந்தது. பற்றாக்குறை நிலவிய தெற்கில் அதிர்வெண் 48-ஐ நோக்கி இறங்குவது வழக்கம். மிகையாக இருந்த கிழக்கில் இரவு நேரங்களில் 50-ஐத் தாண்டி ஏறும். 2002, 2003-ம் ஆண்டுகளில் அதிர்வெண்ணுக்கேற்ப மின்விலையை மாற்றும் கட்டண முறை வந்த பிறகுதான் இந்த ஊசலாட்டம் அடங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகக் கட்டமைப்பும் மற்றவற்றோடு இணைந்தது. இன்று மயிலாப்பூரில் பதிந்தாலும் சாந்த்ராகாச்சியில் பதிந்தாலும் ஒரே நொடியில் ஒரே முனகல்தான். 1994-ல் அப்படி இல்லை.

ஆகவே நம் கேசட்டில் 50.4 என்பது பிழை அல்ல. கிழக்கு இந்தியாவில் தேவை குறைந்த ஒரு பின்னிரவு என்பதற்குத் தடயம் அது. இந்த வாதம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒலிப்பதிவில் உள்ள முனகலின் ஏற்ற இறக்கத்தை மின்கட்டமைப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அது எப்போது பதிவானது, நடுவே வெட்டப்பட்டதா என்று சொல்லும் முறையை ருமேனியாவின் கட்டாலின் கிரிகோராஸ் வளர்த்தெடுத்தார். லண்டன் காவல்துறை பிரிட்டனின் மின்சார அதிர்வெண்ணைத் தொடர்ந்து பதிந்து சேமித்தது இதற்காகத்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முனகலும் தவறும், ஆர்மோனியமும் நாக்கில் களிம்பு ஏறினால் தவறும் என்றால், இந்த அளவீடுகளை நம்பி என்ன பயன்? காதால் கேட்டுச் சரிசெய்துவிடலாமே? காதுக்கு நிலையான அளவுகோல் கிடையாது. பாடகரின் நினைவும் அவரது இன்றைய குரலை ஒட்டியே நகர்ந்திருக்கும். ஒரு சாட்சி தவறும் என்பதனால்தான் இரண்டாவது சாட்சி வேண்டியிருக்கிறது. முனகலே பயன்படாத நிலைமைகளும் உண்டு. மின்வெட்டில் பேட்டரியில் பதிந்திருந்தால் முனகல் இருக்காது. எழுபதுகள், எண்பதுகளின் கல்கத்தாவில் லோடுஷெடிங் எவ்வளவு சாதாரணம் என்பதை அந்நாள் வங்காளக் கதைகளும் படங்களும் சொல்லும். பழைய ஸ்பூல் கருவிகள் சிலவற்றில் மோட்டாரே மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும். மின்சாரம் 49-க்கு இறங்கினால் நாடாவும் அதே அளவு மெதுவாகும்; பிறகு கேட்கும்போது முனகல் ஒழுங்காக 50 காட்டும், பாட்டு மட்டும் ஏறியிருக்கும். இயந்திரம் எப்படி ஓடியது என்று தெரிந்தவர்தான் அது சொல்லும் எண்ணைப் படிக்க முடியும்.

இது புத்தகக் கணக்கோடு நிற்பதல்ல. 1949-ல் ஒரு மாணவர் கம்பிப் பதிவுக் கருவியில் பிடித்த, அமெரிக்க நாட்டுப்பாடகர் வுடி கத்ரியின் மேடைக் கச்சேரி ஒன்று, கம்பி முறுகியும் நீண்டும் போனதால் வேகம் தள்ளாடிக் கிடந்தது. ஜேமி ஹோவர்த் என்ற ஒலிப்பொறியாளரும் கெவின் ஷார்ட் என்ற கணிதப் பேராசிரியரும் அந்தத் தள்ளாட்டத்தைப் பதிவுக்குள்ளிருந்தே கணக்கிட்டு நேராக்கினார்கள். 2008-ல் அந்த வெளியீடு கிராமி விருது பெற்றது. கல்கத்தாவிலேயே, 1902 நவம்பரில் கிராமபோன் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் ஓட்டல் அறையைப் பதிவுக்கூடமாக்கிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிந்தபோதும் தட்டு சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லை. இன்றைய கருவியில் 78 சுற்று என்று வைத்துக் கேட்கும் கௌஹர் ஜானின் சுருதி அவரது சுருதிதானா என்பது இசை ஆய்வாளர்களுக்கு உண்மையான பிரச்சினை. பாட்டின் முடிவில் தன் பெயரைச் சொல்வாரே, அந்தப் பேச்சுக் குரல் இயல்பாகக் கேட்கிறதா என்பதும் ஒரு சோதனை.

கலந்த பிறகு பிரிக்க முடியுமா

இயந்திரத்தின் பங்கை அளந்து திருத்தலாம் என்றாயிற்று. இடத்தின் பங்கு வேறு வகை. அறையில் பாடும்போது குரல் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி, மைக்குக்குச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். சிமெண்ட் தரையும் செங்கல் சுவரும் கொண்ட சிறு அறையில் அந்த எதிரொலிகள் குரலோடு பின்னிக்கொள்ளும். ஆர்மோனியம், கித்தார், விசிறி, தூரத்து எஞ்சின் எல்லாமே ஒரே மைக்கில் ஒரே அலையாகக் கூட்டப்படுகின்றன. விடை பத்து என்று மட்டும் சொல்லி, கூட்டிய எண்கள் எவை என்று கேட்டால் ஏழும் மூன்றுமா, ஆறும் நாலுமா என்று யாரால் சொல்ல முடியும்? கூட்டல் நடந்த கணத்தில் தகவல் தொலைந்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவுதான் இப்போது எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறதே என்பது அடுத்த மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய முறையால் லென்னனின் குரல் பியானோவிலிருந்தும் முனகலிலிருந்தும் பிரிக்கப்பட்டது. 1995-ல் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்திருந்த கித்தாரையும் சேர்த்து 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' வெளிவந்தது. 2019-ல் டீசர் நிறுவனம் பொதுவில் விட்ட 'ஸ்ப்ளீட்டர்' முதல் பல ஒலிப்பிரிப்பு நிரல்கள் வீட்டுக் கணினியிலேயே ஓடுகின்றன. ஆனால் அவை தொலைந்த தகவலை மீட்பதில்லை. தனிக் குரலும் கலந்த பாட்டும் சோடி சோடியாக உள்ள பெரிய தொகுப்பைப் பார்த்துப் பழகி, மனிதக் குரல் எப்படி இருக்கக்கூடும் என்று ஊகிக்கின்றன. பழகிய தொகுப்புகளில் பெரும்பகுதி மேற்கத்திய பாப் இசை. குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு பெட்டிகள். ஆர்மோனியத்துக்கு அங்கே இடம் 'மற்றவை'. பாடகரின் குரலை நிழல்போல அதே ஸ்வரத்தில் தொடர்வதே ஆர்மோனியத்தின் வேலை. குரலும் வாத்தியமும் ஒரே அதிர்வெண்ணில் ஒட்டி நகரும் இடத்தில் ஊகம் தடுமாறும். குரலின் ஓரத்தில் தகர ஓசை வரும், கமகத்தின் வால் அறுபடும்.

இன்னொரு இழப்பும் உண்டு. இரைச்சல் நீக்கும் நிரலுக்கு, பாட்டு அல்லாதது எல்லாம் இரைச்சல். ஏரியில் சீழ்க்கைச் சிறகிகள் எழுப்பும் மெல்லிய ஒலி அதன் கணக்கில் அழிக்க வேண்டியதுதான். நமக்கோ அந்தச் சீழ்க்கை, பதிவு நடந்தது குளிர்காலம் என்பதற்கு மூன்றாவது சாட்சி. சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில் வங்காளத்தில் மெழுகு உருளைகளில் நாட்டுப்பாடல் பதிந்த ஆர்னால்ட் பாக்கேயின் தடத்தைத் தொடர்ந்து போய், பாடகி மௌசுமி பௌமிக்கும் ஒலிப்பதிவாளர் சுகாந்த மஜும்தாரும் 'டிராவலிங் ஆர்க்கைவ்' என்ற பெயரில் செய்துவரும் பணியில் பாட்டோடு அது பாடப்படும் இடத்தின் ஒலிக்கும் மதிப்புண்டு. அந்த அணுகுமுறையே அறிவியலுக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன். பாட்டுக்கு வெளியே இருப்பதைத் தேவையற்றது என்று முன்கூட்டித் தீர்மானிக்க நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

திரும்பப் பாடினால்

பிரிக்க முடியாவிட்டால் என்ன, புதிதாகப் பாடிவிடலாம் என்பது மூன்றாவது வழி. அதற்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை; அது வேறு ஒரு பொருள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளில் குரல் நாண்களின் தசையும் ஈரப்பதமும் மாறுகின்றன. பெண்களின் குரல் பொதுவாகத் தாழ்கிறது. மூச்சின் நீளம் எல்லோருக்கும் குறைகிறது. பழைய அறை இடிந்திருக்கலாம்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில் நியூ ஜெர்சி வீட்டில் நான்கு தடக் கேசட் கருவியில் தனியாகப் பாடி, ஒரு பழைய பானசோனிக் டேப் ரிக்கார்டரில் கலந்து, அந்தக் கேசட்டை உறையில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். பிறகு முழு இசைக்குழுவோடு நல்ல ஸ்டூடியோவில் அதே பாடல்களைப் பதிந்து பார்த்தார்கள். கருவி, பொறியாளர், வாத்தியக்காரர் எதிலும் குறையில்லை. ஆனாலும் கேசட்டில் இருந்தது வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக வெளியிட்டார்கள். அதே மனிதர், அதே ஆண்டு, அதே பாட்டு. மாறியது இடமும் ஆள்கூட்டமும்தான்.

எதிர்ப்பக்க உதாரணமும் வலுவானது. அமெரிக்கப் பாடகர் வில் டொலிடோ பத்தொன்பது வயதில், 2011-ல் மடிக்கணினியில் பதிந்து வெளியிட்ட 'ட்வின் ஃபேண்டசி'யை 2018-ல் முழுக்கப் புதிதாகப் பதிந்தார். மறுபதிவைச் சிறந்ததாகக் கொண்டாடியவர்கள் ஏராளம். பழையதையும் அவர் கேட்பவர்களிடமிருந்து பறிக்கவில்லை. இரண்டும் இன்று அருகருகே கிடைக்கின்றன. கல்கத்தாவின் மொஹீனேர் கோராகுலி குழு 1970-களின் பிற்பகுதியில் மூன்று சிறு இசைத்தட்டுகள் போட்டது. அப்போது கேட்டவர்கள் சொற்பம். அக்குழுவின் கௌதம் சட்டோபாத்யாய 1990-களின் நடுவில் பழைய பாடல்களோடு புதியவையும் சேர்த்து, இளைய பாடகர்களையும் குழுக்களையும் பாடவைத்துத் தொகுப்புகள் வெளியிட்ட பிறகே அந்தக் குழுவின் பெயர் வங்காளம் முழுக்கப் பரவியது. மறுபதிவு ஒரு பாட்டுக்கு இரண்டாவது ஆயுள் தர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பாட்டு அவருடையது, பழையதை மறைப்பதும் அவர் உரிமை அல்லவா என்று கேட்கலாம். உரிமை அவருடையதுதான். ஆனால் உரிமை வேறு, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகுமா என்பது வேறு. மறுபதிவு ஒரு புதிய அளவீடு. எந்த ஆய்வுக்கூடத்திலும் புதிய அளவீடு வந்துவிட்டது என்று பழைய குறிப்பேட்டைக் கிழிப்பதில்லை. வீட்டுப் பதிவு என்றாலே மட்டம் என்ற எண்ணமும் இந்த விவாதத்தைக் கெடுக்கிறது. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் தன் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் பதிவுக்கூடத்தில்தான் 1992-ல் 'ரோஜா' பிறந்தது. வீடு குறை அல்ல. அளக்காமல் விட்ட கருவிதான் குறை.

இரைச்சல் புதிய கேட்பவரைத் துரத்திவிடும் என்பது நான் முழுமையாக ஏற்கும் மறுப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளை ஹெட்ஃபோனில் கேட்கும்போது முனகல் பாட்டை மறைக்கத்தான் செய்யும். அவருக்காகத் துடைத்த வடிவம் ஒன்று வேண்டும். இயந்திரத்தின் பங்கான வேகப் பிசகு, ஹெட் சாய்வு, முனகல் ஆகியவற்றை அந்த வடிவத்திலிருந்து எடுத்துவிடலாம். அறையையும் ஏரியையும் எடுக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

கேசட்டைத் தொடுமுன்

ஆகவே வீட்டில் இப்படிப் பதிந்த நாடா வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கங்கைச் சமவெளியானாலும் காவிரிக் கரையானாலும் நம் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். எனவே தள்ளிப்போடாதீர்கள். ஹெட்டைத் துடைத்து, சாய்வை அந்தக் கேசட்டுக்கேற்பத் திருத்தி, எந்த வடிகட்டியும் போடாமல் முனகலோடும் சீறலோடும் முழுதாக ஒருமுறை கணினியில் ஏற்றுங்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்று அமைதியை வெட்டாதீர்கள். அளக்க வசதியான இடம் அதுதான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும். அந்தக் கோப்பை இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். எந்தக் கருவியில் பதிந்தது, மின்சாரத்திலா பேட்டரியிலா, எந்த மாதம், எந்த வீடு என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள் மற்றும் ஆவணங்களுக்கான பள்ளி, தனியார் வீடுகளில் இருந்த இந்துஸ்தானி இசைப் பதிவுகளை எண்மமாக்கிச் சேர்த்திருக்கிறது. இத்தகைய குறிப்புகள் இல்லாமல் வந்து சேரும் நாடாவிடமிருந்து எந்தக் காப்பகமும் பாதிதான் தெரிந்துகொள்ள முடியும்.

மறுகலவையோ மறுபதிவோ வெளியிடும்போது, துடைக்காத பழைய பதிவையும் அதே தொகுப்பில் சேருங்கள். அன்று வாசித்த ஆர்மோனியம் வீட்டில் இருந்தால், வேகம் சரிபார்க்கும் வேலை முடியும்வரை அதைப் புதிதாகச் சுருதி சேர்க்கக் கொடுக்காதீர்கள்.